ஆவணத்தில் நம் பெயர் வேறு

நாய்கள்தான் முதலில் வந்தன.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஊரின் சேரி மக்களுக்குப் பஞ்சமி நில மனு தயாரிப்பதற்காக ஆவணம் தேட உட்கார்ந்த முதல் நாள் அது. நாங்கள் மூன்று பேர், ஒரு மடிக்கணினி. ஆங்கிலத்தில் 'பரையா' என்று ஒற்றைச் சொல்லை அடித்தோம். தெருநாய் இனம் ஒன்று வந்தது. பருந்து வகை ஒன்று வந்தது. மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த அரசுகளைப் பற்றிய செய்திகள் வந்தன. மனிதர்கள் வரவில்லை. பறையர் என்ற பெயரை இங்கிருந்து எடுத்துப்போன ஆங்கிலம், ஒதுக்கப்பட்ட எதற்கும் பொருந்தும் பொதுச்சொல்லாக அதை ஆக்கிவிட்டது. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் தேடினால் தங்களுக்கு முன்னால் நாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அருந்ததியருக்குக் காலனிய ஆவணங்கள் வைத்த 'சக்ளர்' என்ற பெயரை அடித்தாலும் இதே கதைதான். தனக்குள் சிரித்துக்கொள்பவர் என்றும் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் வரும். இணையம் சிரிப்பவர்களைக் கொண்டுவந்து காட்டும்.

அந்த ஊரில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர், இப்போது சுற்றுச்சுவர் எழும்பி நிற்கும் ஒரு மேட்டைக் கைகாட்டி, "அது வெள்ளைக்காரன் எங்க தாத்தாவுக்குக் குடுத்த நெலம்பா. நாங்க சின்னப் புள்ளையில அங்கதான் கம்பு அறுத்தோம்" என்றார். அலுவலகத்தில் கேட்டால் ஒரே பதில். "ஆதாரம் இருந்தா கொண்டாங்க." பாட்டியின் நினைவு அவர்களுக்கு ஆதாரம் இல்லை. ஆகவேதான் தேட உட்கார்ந்தோம். அந்தத் தேடலில் நாங்கள் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறோம். தேடல் குறிகளைப் பற்றித்தான் எழுதத் தொடங்கினோம். எழுத எழுத அது நம் பெயர்களின் வரலாறாக மாறிவிட்டது.

பஞ்சமி நிலத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1891 அக்டோபர் 7 அன்று, செங்கல்பட்டின் தற்காலிக ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர், 'செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு' என்ற அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் விண்ணப்பித்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்ற ஏற்பாட்டை அது எழுதிக் காட்டியது. குடிசை போட்டிருக்கும் மனைகூட மிராசுதாருடையது என்பதால், கூலியை எதிர்த்துப் பேசினால் வீட்டையே இழக்க வேண்டியிருந்ததையும் சொன்னது. 1843-இலேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றாகிவிட்டது. ஆனாலும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, கடன் சீட்டு என்ற பெயரில் ஆட்கள் தங்களையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த் துறை அரசாணை எண் 1010 இந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்தது. பிற்காலத்தில் வருவாய் வாரிய நிலையாணை 15-இல் நிபந்தனையும் இடம்பெற்றது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது, மீறினால் ஒப்படையை ரத்து செய்து அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் மேடைகளில் நாம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான செய்திகள். மூலத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாங்களும் அதுவரை பார்த்ததில்லை.

அறிக்கை எழுதியவர் பெயரை அடித்துத் தொடங்கினோம். டிரெமென்ஹீர் என்று இன்னொருவர் இருந்திருக்கிறார். ஹியூ சீமோர் டிரெமென்ஹீர், இங்கிலாந்தில் பள்ளிகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஆய்வு செய்த அரசு அதிகாரி. பக்கம் பக்கமாக அவரே வந்தார். இங்கேதான் கழித்தல் குறி கைகொடுத்தது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டால், அந்தச் சொல் வரும் முடிவுகளை கூகுள் நீக்கிவிடும். 'ஹியூ'வைக் கழித்தோம், 'சுரங்கம்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கழித்தோம். சுரங்கத்துக்காரர் போனார். நம் ஆள் தென்பட்டார்.

அந்தத் தெம்பில் ஒரு தவறும் செய்தோம். இன்டர்நெட் ஆர்க்கைவில் 'பரையா' என்று போட்டு 'நாய்' என்பதைக் கழித்தோம். முடிவுகள் சுத்தமாகிவிட்டன என்று மகிழ்ச்சி. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கழித்தல் குறி பக்கத்தைக் கழிப்பதில்லை, முழு ஆவணத்தையே கழிக்கிறது. அறுநூறு பக்க மாவட்டக் கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் வெறிநாய்க் கடி பற்றி ஒரு வரி இருந்தால் போதும், பறையர் பற்றிய அத்தியாயத்தோடு சேர்த்து அந்தப் புத்தகமே மறைந்துவிடும். நாயைத் துரத்தப் போய் நம் ஆவணத்தையே வெளியே தள்ளியிருக்கிறோம். அதிலிருந்து கழித்தல் குறியைக் கஞ்சத்தனமாகத்தான் பயன்படுத்துகிறோம். கழிப்பதற்குப் பதில் சேர்ப்பது நல்லது. 'பரையா'வோடு 'மிராசு' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், நாய்கள் தாமாகவே போய்விடும்.

மேற்கோள் குறி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் சொற்கள் அதே வரிசையில் வரும் இடத்தைத்தான் தேடும். ஆனால் ஆங்கிலேயன் எழுதிய வரிசையில், அவன் எழுதிய எழுத்துக்கூட்டலில் போட வேண்டும். செங்கல்பட்டு அன்று 'சிங்கில்புட்'. தஞ்சாவூர் 'டாஞ்சூர்'. திருநெல்வேலி 'டின்னவெல்லி'. திருச்சி 'டிரிச்சினாப்பலி'. இன்றைய பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு இன்றைய ஆவணம் மட்டுமே கிடைக்கும்.

அந்த ழகரம் படுத்தும் பாடு தனி. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் கில்வென்மணி, கிலவென்மணி, கீஸ்வென்மணி என்றெல்லாம் படிக்கும்படி நான்கைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். எல் போட்டவர் உண்டு, இசட் எச் போட்டவர் உண்டு. ஓர் எழுத்துக்கூட்டலை மட்டும் தேடிவிட்டு 'அதிகம் எழுதப்படவில்லை' என்று ஆய்வேட்டில் எழுதிய மாணவரை எங்களுக்குத் தெரியும். எழுதப்பட்டிருக்கிறது தோழர், வேறு எழுத்தில்.

இதற்கெல்லாம் 'அல்லது' என்ற குறிதான் மருந்து. ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற சொல், இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் கூகுள் அதைச் சாதாரணச் சொல்லாகவே பார்க்கும். ஒரே தேடலில் நான்கு எழுத்துக்கூட்டலையும் 'அல்லது' போட்டுக் கோத்துவிடலாம். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலித் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய கருவி இல்லை என்றுதான் நினைக்கிறோம். ஏனென்றால் அரசு நம்மை ஒரே பெயரில் ஒருபோதும் எழுதி வைக்கவில்லை.

அந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்துவிடுவோம்.

கம்பெனி காலத்துத் தாள்களில் பரியார், பரையா, பராயன் என்று எழுதியவர் கைக்கு வந்தபடி இருக்கும். சேரி 'பார்செரி' ஆகியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'பஞ்சமா' என்ற சொல் அதிகாரிகளிடமும் கல்வித் துறையிடமும் ஏறுகிறது. ஆல்காட் 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளிகளும் பஞ்சமர் பள்ளிகள்தான். இந்தப் பெயர்களை ஏற்காமல் நம்மவர்கள் போராடியது இதே காலத்தில்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1891-இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்திசையில் போய், எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக வைத்து 1893-இல் 'பறையன்' இதழை நடத்துகிறார். 1922 ஜனவரியில் எம்.சி. ராஜா சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவருகிறார். அதே ஆண்டு மார்ச் 25 தேதியிட்ட அரசாணை எண் 817 மூலம், பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாகத் தமிழ் மாவட்டங்களில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத அரசு ஒப்புக்கொள்கிறது.

தேடுகிறவர் இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1922-க்கு முந்தைய தாள்களில் 'ஆதி திராவிடா' என்று தேடினால் சபைப் பெயர்களும் மனுக்களும் கொஞ்சம் வரலாம், அரசு எழுத்தில் பெரிதாக ஒன்றும் வராது. 1922-க்குப் பிறகு 'பஞ்சமா' என்று மட்டும் தேடினால் பாதி போய்விடும். நடுவில் 'டிப்ரஸ்டு கிளாசஸ்' என்ற இன்னொரு பெயர் இந்தியா முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன், 'புறச் சாதிகள்' என்று பொருள்படும் புதுப் பெயர் ஒன்றை வைக்கிறார். 1932-க்குப் பிறகு காந்தி 'ஹரிஜன்' என்கிறார். 1935 இந்திய அரசுச் சட்டம் 'அட்டவணைச் சாதிகள்' என்கிறது. நூறு ஆண்டுகளில் இத்தனை பெயர்! ஒரு குடும்பத்தின் தாத்தா பஞ்சமராகவும் அப்பா ஆதி திராவிடராகவும் மகன் ஹரிஜனாகவும் பேரன் அட்டவணைச் சாதியாகவும் ஒரே அலுவலகத்தின் கோப்புகளில் இருப்பார்கள். கணினிக்கு அவர்கள் நான்கு வேறு ஆட்கள். அவர்களை ஒரே குடும்பம் என்று சேர்த்து வைப்பது அந்த 'அல்லது'தான்.

இதிலும் நாங்கள் தடுக்கி விழுந்த இடம் ஒன்று உண்டு. 1920-களில் சேரி மக்களுக்கு வீட்டுமனை எடுத்துக் கொடுத்தது, கிணறு வெட்டியது, பள்ளி நடத்தியது தொடர்பான கோப்புகளைத் தேடினோம். எங்களிடம் இருந்த அத்தனை சாதிப் பெயர்களையும் போட்டுப் பார்த்தோம். வந்தது சொற்பம். ஏனென்றால் அந்த வேலைகள் சாதியின் பெயரிலேயே நடக்கவில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பொறுப்பைச் சென்னை அரசு தொழிலாளர் ஆணையரிடம் கொடுத்திருந்தது. மாவட்டத்தில் தொழிலாளர் அலுவலர். பள்ளிக்கூடம்கூட 'லேபர் ஸ்கூல்'. ஆலைத் தொழிலாளர் பற்றிய கோப்பு என்று நாங்கள் தாண்டிப்போன தலைப்புகளுக்குள்ளேதான் சேரிகள் இருந்தன. 1949-இல் அது ஹரிஜன நலத் துறையாகப் பிரிந்த பிறகுதான் பெயர்ப் பலகை மாறுகிறது. நம்மை உழைப்பாக மட்டுமே பார்த்த அரசு, கோப்பையும் அப்படியே அடுக்கி வைத்திருக்கிறது. 'லேபர் கமிஷனர்' என்று மேற்கோளுக்குள் போட்டு, மாவட்டத்தின் பழைய பெயரைப் பக்கத்தில் சேர்த்த அன்று ஒரு மணி நேரத்தில் கிடைத்தது, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் கிடைத்ததைவிட அதிகம்.

ஆட்களைத் தேடுவதிலும் இதே சிக்கல். வட்டமேசை மாநாட்டு நடவடிக்கைகளில் 'இரட்டைமலை' என்று தேடிப்பார்த்துவிட்டு, அவர் பேசியதே இல்லையோ என்று ஒரு தோழர் கேட்டார். அங்கே அவர் 'ராவ் பகதூர் சீனிவாசன்'. அண்ணல் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதியாக உட்கார்ந்திருக்கிறார், பேசுகிறார். வெறும் 'சீனிவாசன்' என்று தளர்வாகத் தேடினால், அதே மாநாட்டுக்குப் போன சீனிவாச சாஸ்திரி குறுக்கே வருவார். பட்டத்தையும் பெயரையும் சேர்த்து மேற்கோளுக்குள் போடுங்கள். அயோத்திதாசரின் பெயரை ஆங்கிலத்தில் ஐ போட்டுத் தொடங்கியவர்கள் உண்டு, ஏ போட்டுத் தொடங்கியவர்கள் உண்டு. கடைசியில் தாஸ், தாஸ்ஸ், டாஸ், தோஸ் என்று பலவிதம். 'பண்டிட்' என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கூட்டல்களை 'அல்லது' போட்டுக் கோத்தால் பெரும்பாலும் அகப்படுவார்.

இந்த 'மற்றும்', 'அல்லது', 'அல்ல' என்ற மூன்றுக்கும் கணக்கு வடிவம் கொடுத்தவர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். 1854-இல் வந்த அவருடைய புத்தகத்திலிருந்துதான் இந்தக் குறிகள் 'பூலியன்' என்ற பெயரைப் பெற்றன. அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பதினாறு வயதில் குடும்பத்தைக் காப்பாற்ற வேலைக்குப் போனவர், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே அயர்லாந்தின் கார்க் நகரில் கணிதப் பேராசிரியர் ஆனார். இங்கிலாந்தில் செருப்புத் தைத்தால் தீட்டு இல்லை, ஆகவே இரண்டையும் சமமாக வைத்துப் பேச மாட்டோம். ஆனாலும் 'சக்ளர்' என்று அடித்துச் சிரிப்பவர்களைப் பார்த்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்த மாலையில் இந்தச் செய்தியைப் படித்தபோது, எங்கள் குழுவில் இருந்த அருந்ததியர் தோழர் சத்தமாகவே சிரித்துவிட்டார்.

சரி, குறிகள் எல்லாம் சரியாகப் போட்டும் ஏன் சில ஆவணங்கள் வருவதில்லை? பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்தபின் கணினி எழுத்தை வாசித்துத்தான் தேடும் வசதி வருகிறது. மங்கிய அச்சில் 'எச்' என்ற எழுத்தை 'எல் ஐ' என்று வாசித்துவிடும். 'பரையா' என்ற ஆங்கிலச் சொல் 'பரியாலி' ஆகியிருக்கும், 'பஞ்சமா'வின் நடுவிலும் இதே குளறுபடி. வரியின் முடிவில் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் இரண்டு துண்டும் தனித்தனியாகக் கிடக்கும். ஆகவே வேண்டுமென்றே பிழையான எழுத்துக்கூட்டலையும் 'அல்லது' வரிசையில் சேர்த்துக்கொள்கிறோம். நட்சத்திரக் குறியை ஏற்கும் தளங்களில் சொல்லின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் அடித்து நட்சத்திரம் போட்டால், எப்படி முடிந்தாலும் வரும். சொல்லின் தொடக்கத்தில் நட்சத்திரம் போடுவதைப் பெரும்பாலான தளங்கள் ஏற்பதில்லை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் பற்றி ஒன்றைச் சொல்லாவிட்டால் எல்லாம் வீண். அங்கே வழக்கமான தேடல் தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை மட்டுமே பார்க்கும். புத்தகத்துக்குள்ளே தேட வேண்டுமானால் உள்ளடக்கத்தில் தேடு என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு இது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. ஆண்டு வரம்பும் அங்கே போடலாம், 1890 முதல் 1899 வரை என்று. கூகுளில் இருக்கும் முன், பின் என்ற தேதிக் குறிகளை இதற்கு நம்பாதீர்கள். அவை பக்கம் இணையத்தில் ஏறிய தேதியைத்தான் பார்க்கும், 1892 அதற்குத் தெரியாது. கூகுளில் நமக்கு உதவுவது 'சைட்', 'ஃபைல்டைப்' என்ற இரண்டும்தான். சொல்லை அடித்து முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அரசுத் தளத்தின் முகவரியையோ பி.டி.எஃப். என்பதையோ சேர்த்தால், செய்தித் துணுக்குகளும் வாட்ஸ்ஆப் வரலாறும் ஒதுங்கி ஆவணங்கள் முன்னே வரும்.

தமிழில் தேடுவது வேறு வகையான வேலை. நம் மொழியில் சொல் ஒட்டிக்கொண்டே போகும். 'பஞ்சமி நிலம்' என்று மேற்கோளுக்குள் போட்டால் 'பஞ்சமி நிலத்தை', 'பஞ்சமி நிலங்களின்' என்று எழுதிய கட்டுரைகள் தப்பிவிடும். 'பஞ்சமி' மட்டும் போட்டால் திதியும் பஞ்சாங்கமும் வந்து கொட்டும். 'பஞ்சமி' என்பதோடு 'பட்டா', 'ஒப்படை', 'மீட்பு' என்று இன்னொரு சொல்லை மேற்கோள் இல்லாமல் சேர்ப்பதுதான் வழி. பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்கள் யூனிகோடு தேடலுக்கு அகப்படுவதே இல்லை. தமிழ் மின்நூலகத்தில் உள்ள பழைய நூல்கள் பலவும் படங்களாகவே இருக்கின்றன, அங்கே தலைப்பையும் ஆசிரியரையும் வைத்துத்தான் தேட முடியும். உள்ளே இருப்பதைக் கண்ணால் படிக்க வேண்டும். படிப்போம், என்ன கெட்டுப்போயிற்று.

இனி நீதிமன்றத் தீர்ப்புகள். சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் இந்தியன் கானூன் தளத்தை அன்றாடம் பயன்படுத்துகிறீர்கள். அங்கே குறிகளை எழுதும் முறை வினோதமானது. பெரிய எழுத்தில் 'ஆண்ட்', 'ஆர்', 'நாட்' என்று எழுதி, கடைசி எழுத்தை இரட்டிக்க வேண்டும். இரண்டு டி, இரண்டு ஆர், இரண்டு டி. இரண்டு பக்கமும் இடைவெளி கட்டாயம். ஒற்றை எழுத்தோடு நிறுத்தினால் குறியாக எடுத்துக்கொள்ளாது. 'பஞ்சமி' என்று மட்டும் தேடுகிறவர் அங்கேயும் பாதியை இழப்பார். தீர்ப்புகளில் அது 'டி.சி. நிலம்', 'டிப்ரஸ்டு கிளாஸ் நிலம்', 'நிபந்தனை ஒப்படை' என்றெல்லாம் இருக்கும். நிலையாணையும் 'பி.எஸ்.ஓ.' என்று ஒரு தீர்ப்பிலும் 'ஆர்.எஸ்.ஓ.' என்று இன்னொன்றிலும் வரும். வருவாய் வாரியம் 1980-இல் ஒழிக்கப்பட்டதன் விளைவு அது. மாநில எல்லையைத் தாண்டினால் பெயர் மறுபடி மாறுகிறது. கர்நாடகத்தில் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இதை 'கிராண்டட் லேண்ட்' என்கிறது, ஆந்திரத்தின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் 'அசைண்டு லேண்ட்' என்கிறது. கர்நாடகச் சட்டம் செல்லும் என்று 1984-இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட நிலத்தை விற்பதைத் தடுத்து, விற்றதை மீட்க அங்கே சட்டம் இருக்கிறது. நாம் இன்னும் நிலையாணையைக் கையில் வைத்துக்கொண்டு மன்றாடுகிறோம். இந்த வேறுபாட்டையும் நாங்கள் தேடும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டோம்.

ஆவணங்களை வாசித்தபோது ஒரு சங்கடமும் நேர்ந்தது. நாம் மேடையில் சொல்வதுபோல 1892 அரசாணை தாராள மனசோடு அள்ளிக் கொடுத்த ஆவணம் அல்ல. டிரெமென்ஹீர் சொன்னதில் பலவற்றை மேலதிகாரிகள் ஏற்கவில்லை. தயக்கமும் மறுப்புமாகத்தான் அரசு நகர்ந்திருக்கிறது. ரூபா விஸ்வநாத்தின் 'த பரையா பிராப்ளம்' என்ற 2014-ஆம் ஆண்டு நூல் இந்த அதிகாரிகளின் தடுமாற்றத்தை விரிவாகக் காட்டுகிறது. 'வெள்ளைக்காரன் கொடுத்த நிலம்' என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால், கேட்டு வாங்கியவர்களும் மனுப்போட்டவர்களும் மறைந்துவிடுகிறார்கள். 12 லட்சம் ஏக்கர் என்ற எண்ணும் அப்படித்தான். அதை மேற்கோளுக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். பக்கத்தைப் பார்த்துப் பக்கம் எழுதியிருப்பது தெரியும். கூட்டத்தில் சொல்லுங்கள், தப்பில்லை. மனுவில் எழுதும்போது உங்கள் ஊரின் புல எண்ணையும் ஏக்கரையும் எழுதுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூலம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

1994 அக்டோபர் 10 அன்று, காரணை நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் காலத்தில் ஒரு அரசாணையின் நகலைப் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அனுமதிக் கடிதத்தோடு போக வேண்டும். இன்று அதில் ஒரு பகுதி கைபேசியிலேயே கிடைக்கிறது. ஒரு பகுதிதான். 'பறையன்' இதழின் பிரதிகள் பெரும்பாலும் கிடைக்கவே இல்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' நமக்குக் கிடைத்தது எந்தத் தளமும் தேடிக் கொடுத்ததால் அல்ல. பௌத்தக் குடும்பங்கள் தலைமுறையாகப் பெட்டியில் பாதுகாத்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999-இல் அதைத் தொகுக்க முடிந்தது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். இன்று இணையத்தில் புல எண்ணை அடித்தால் பட்டாவும் அ-பதிவேட்டின் விவரமும் வரும். ஆனால் அது இன்றைய நிலை. 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் புதிதாக எழுதப்பட்டன, பல ஊர்களில் 'டி.சி.' என்ற குறிப்பு காணாமல் போனது அந்தத் தாவலில்தான். அதற்கு முந்தைய பதிவேடு எந்தத் தேடலிலும் வராது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதைத் தேடல் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மனுவில் 'பஞ்சமி நில விவரம்' என்று கேட்டோம், 'அவ்வாறான ஆவணம் இல்லை' என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவில் புல எண்ணைக் குறிப்பிட்டு, நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலும், திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் குறிப்புக் கலம் உட்பட முழுப் பக்கத்தின் நகலும், 'டி.சி. நிபந்தனை ஒப்படை' தொடர்பான பதிவுகளும் என்று கேட்டோம். அதே அலுவலகம். ஏழு வாரத்தில் நகல் வந்தது.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து ஊருக்குக் கொண்டுபோனோம். பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். "எங்க தாத்தா பேரு எதுல இருக்கு, காட்டு" என்றார். விரலைப் பிடித்து அந்த வரியில் வைத்தோம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, எழுதியவர் கேட்டது அப்படி. பாட்டி திருத்தினார். மனுவில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் போட்டு, நடுவில் 'என்கிற' என்று எழுதியிருக்கிறோம். அடுத்த மாதம் விசாரணை.